பத்துக்குப் பத்து

வீடு விற்கிற எல்லோருக்கும் ஒரு வசனம் மனப்பாடம். ‘ரூமெல்லாம் நல்ல தாராளம் ஸார்!’ தாராளம் என்றால் எத்தனை அடி என்று கேட்டுப் பாருங்கள். டீ சொல்லப் போய்விடுவார்கள்.

இந்தத் தாராளத்துக்கு நானும் கொஞ்ச காலம் உடந்தையாக இருந்தேன். அந்தக் கதைதான் இது.

நான் பி.காம். பெரம்பலூர்வாசி. பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன் என்று சொன்னால், ‘சரி தம்பி, வேலை?’ என்று கேட்கிறார்கள். அதனால் கையில் ஒரு கேமராவும் உண்டு. காதுகுத்து, வளைகாப்பு என்று ஏதாவது வரும். ஒருநாள், வீட்டு புரோக்கராக இருக்கும் பள்ளிக்கூட சிநேகிதன் வந்தான்.

“மாப்ள, இப்பல்லாம் எவனும் முதல்ல நேர்ல வர்றதில்ல. வாட்ஸப்புல போட்டோ அனுப்புங்கறான். நான் எடுத்தா என் கட்டைவிரல்தான் விழுது. வீட்டுக்கு 1,500 தர்றேன், வா.”

என் கட்டுரைகளுக்கு வரும் சன்மானத்தை நினைத்துப் பார்த்தேன். உடனே கிளம்பிவிட்டேன்.

முதல் வீட்டில், பத்துக்குப் பத்து பெட்ரூம். கேமராவோடு வந்த 18-55 லென்ஸை மாட்டிக்கொண்டு மூலையில் நின்றேன். கட்டில் கால் ஒன்று, ஜன்னலில் பாதி, காலண்டரில் முருகனின் வேல் மட்டும் வந்தது. இன்னும் பின்னால் போகலாம் என்றால் சுவர் முதுகில் இடிக்கிறது.

கணக்கு இதுதான். ரூமின் மூலையில் நின்றால் இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து 90 டிகிரி. என் கேமராவின் சென்சார், பழைய ஃபிலிமைவிடச் சின்னது. அதில் 18 எம்.எம். லென்ஸ் பார்ப்பது சுமார் 64 டிகிரிதான். மீதி 26 டிகிரியை எங்கே போய்த் தேடுவது? அதே கேமராவில் 10 எம்.எம். மாட்டினால் 96 டிகிரி. இரண்டு சுவரும் அடக்கம்.

திருச்சியில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது எஃப் 2.8 லென்ஸ். விலையைக் கேட்டதும் நாக்கு வறண்டது.

“வேலை என்ன தம்பி?”

“வீட்டுக்குள்ள எடுக்கணும் ஸார்.”

“அடடா, அப்ப இது எதுக்கு? 2.8 எல்லாம் மண்டபத்துல ஓடற மாப்பிள்ளைக்கு. சுவரு எங்க ஓடப்போகுது? ஸ்டாண்டுல வெச்சு, எஃப் 8-ல நிதானமா எடு.”

உண்மையிலேயே நல்ல மனுஷர். பக்கத்தில் இருந்த ஃபிஷ் ஐ லென்ஸைக் காட்டி, “இதுவும் வேணாம். வீடு பலாப்பழமாத் தெரியும்” என்றார். கடைசியில் செகண்ட் ஹேண்டில் ஒரு கேனன் 10-18 வாங்கினேன். 2014-இல் வந்த மாடல். எடை 240 கிராம், கால் கிலோ தக்காளி அளவுகூட இல்லை. டெபிட் 12,000 ரூபாய்.

அடுத்த வீட்டில் 10-இல் வைத்து ஒரு கிளிக். நானே பயந்துவிட்டேன். பத்துக்குப் பத்து ரூம், கல்யாண மண்டபம் மாதிரி நீண்டு கிடக்கிறது! அகல லென்ஸில் கிட்டத்தில் இருப்பது பெரிசாகவும், எதிர்ச்சுவர் சின்னதாகவும் விழும். இவ்வளவு சின்னதாகத் தெரிகிற சுவர் ரொம்ப தூரத்தில்தான் இருக்க வேண்டும் என்று நம் கண்ணே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. லென்ஸ் பொய் சொல்லவில்லை. சொல்ல வைக்கிறது.

“மாப்ள, நீ எங்கயோ போயிட்ட!” என்று சிநேகிதன் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

அந்தப் படத்தை துபாயில் வேலை பார்க்கும் ஒரு பையன் பார்த்தான். தை மாதம் அவனுக்குக் கல்யாணம். படத்தை நம்பி 50,000 ரூபாய் டோக்கன் அனுப்பிவிட்டு, வீட்டைப் பார்க்க அவன் அம்மாவை அனுப்பினான். கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்த அந்த அம்மாவின் கையில் ஒரு கயிறு. அதில் இரண்டு முடிச்சு. ஒன்று கட்டில் நீளம், இன்னொன்று பீரோ அகலம்.

பெட்ரூமில் கயிற்றைப் போட்டு அளந்தார். கட்டில் வந்தது. பீரோவும் வந்தது. பீரோக் கதவைத் திறக்கத்தான் இடம் இல்லை. கதவு போகும் பாதையில் கட்டில் வந்து நின்றது. மறுபடி அளந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“தம்பி, படத்துல இருந்தது இந்த ரூம்புதானா?”

“இதேதாம்மா.”

“ரெண்டு கட்டில் போடலாம்னு பையன் சொன்னானே...”

திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். டோக்கன் பணம் இரண்டு மாதம் கழித்துத் திரும்பியது, அதுவும் முழுசாக இல்லை. என் பங்கு 1,500-ஐக் கொடுத்தனுப்பினேன். ‘அந்தத் தம்பி படம்தானே எடுத்துச்சு’ என்று வாங்க மறுத்துவிட்டாராம்.

அன்று ராத்திரி சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் சட்டத்தில் 12-வது பிரிவு இருக்கிறது. பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டால் புரமோட்டர் ஈடுகட்ட வேண்டும். வாங்குபவர் விலக நினைத்தால் பணம் வட்டியோடு திரும்ப வேண்டும். ஆனால் அது புதிதாகக் கட்டி விற்கும் புரமோட்டருக்கு. கைமாறும் பழைய வீட்டுக்கும், அதைப் படம் பிடிக்கிற பி.காமுக்கும் அதில் இடம் இல்லை. தப்பித்தேன் என்று சந்தோஷப்பட முடியவில்லை. கயிறுதான் ஞாபகத்துக்கு வந்துகொண்டிருந்தது.

இது நடந்து ஆறு மாதத்தில், எங்கள் வீட்டையே விற்க வேண்டி வந்தது.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயிலேற வேண்டுமானால் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி அரியலூருக்குப் போக வேண்டும். அங்கேதான் அப்பாவின் வீடு. ஒரு காலத்தில் கடலாக இருந்த பூமி அது. கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லில் இன்று சிமென்ட் ஆலைகள் ஓடுகின்றன. அப்படி ஒன்றில் வேலை பார்த்து அப்பா கட்டிய வீடு. 2007-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. பிழைப்பைத் தேடி நான் இந்தப் பக்கம் வந்ததில், நாங்களும் இரண்டு மாவட்டமானோம். அம்மா போன பிறகு, முழங்கால் வலியோடு அப்பா என்னிடமே வந்துவிட்டார். அரியலூர் வீடு இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது.

“நீயே எடுத்துடுடா. வெளியாள் எதுக்கு?” என்றார்.

இங்கேதான் ஸார் மனுஷ புத்தி! ஊரார் வீடு என்றால் தத்துவம் பேசலாம். இது நம் வீடு, வரப்போவது நம் பணம். கிரெடிட் பக்கம் கண்ணைக் கட்டுகிறது. கை தானாக லென்ஸை 10-க்குத் திருப்பியது. உள் ரூமை எடுத்து அப்பாவிடம் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது யார் வீடுடா?”

“நம்ம வீடுதான்ப்பா. உள் ரூம்.”

“உங்கம்மா கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல ஒருக்களிச்சுத்தான் போவா. முப்பது வருஷம் அப்படித்தான் போனா. இதுல சைக்கிள்ல போகலாம் போலிருக்கே!”

நான் பேசவில்லை. 10-இலிருந்து 14-க்குத் திருப்பினேன். சுமார் 77 டிகிரி. ஒரு பக்கச் சுவர் படத்திலிருந்து விலகியது. பரவாயில்லை என்று கதவுக்கு வெளியே நின்று எடுத்தேன். கேமராவை நெஞ்சு உயரத்தில் வைத்து, மேலேயும் கீழேயும் சாய்க்காமல் நேராகப் பிடித்தேன். சாய்த்தால் சுவர்களெல்லாம் பினாங்கு மாமா மாதிரி தள்ளாடும். ஓரத்தில் இருந்த நாற்காலியை நகர்த்தினேன். அகல லென்ஸில் ஓரத்தில் மாட்டினது எதுவும் ரப்பராக இழுபடும். பீரோவை மட்டும் நகர்த்தவில்லை. பீரோ எவ்வளவு பெரிசு என்பது எல்லோருக்கும் தெரியும். அது படத்தில் இருந்தால் ரூம் எவ்வளவு பெரிசு என்பதும் தெரிந்துவிடும். படத்துக்குக் கீழே ‘உள் ரூம், 10 அடிக்கு 10 அடி’ என்று எழுதினேன்.

அப்பா பார்த்தார். “ம். இது நம்ம வீடு.” கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

இந்த விஷயம் கேமரா வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இல்லை. இன்று பல போன்களில் 0.5 என்று ஒரு பட்டன் இருக்கிறது. என் லென்ஸைவிட அகலம். அதை அமுக்கித்தான் வாடகை வீடு, பேச்சிலர் ரூம் எல்லாம் உங்களுக்குப் படமாக வருகிறது. வீடு தேடுகிற பிரம்மச்சாரிகளுக்கு என் யோசனை ஒன்றே ஒன்று. படத்தில் உங்களுக்கு அளவு தெரிந்த பொருளைத் தேடுங்கள். கதவு, கட்டில், சிலிண்டர் ஏதாவது. ஓரத்தில் இருக்கிற சிலிண்டர் டிரம் மாதிரி தெரிந்தால், டோக்கன் கொடுக்காதீர்கள். கயிற்றோடு நேரில் போங்கள்.

அரியலூர் வீட்டுக்கு ஆறு வாரமாக ஒருவரும் வரவில்லை. ‘10-ல எடுத்திருந்தா இந்நேரம் முடிச்சிருக்கலாம் மாப்ள’ என்று சிநேகிதன் தலையில் அடித்துக்கொண்டான். ஏழாவது வாரம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மனைவியோடு வந்தார். உள் ரூம் வாசலில் நின்று கையிலிருந்த போனைப் பார்த்தார். ரூமைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

“படத்துல பார்த்த மாதிரியேதான் இருக்கு” என்றார் மனைவியிடம்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா என் பக்கம் திரும்பினார். ஒன்றும் சொல்லவில்லை. 12,000 ரூபாய் லென்ஸுக்கு முதல் கிரெடிட் என்ட்ரியை நான் அன்றுதான் போட்டேன்.

அதற்கப்புறம் வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து, விலையில் இரண்டு லட்சம் குறைக்கச் சொன்னார். அதை ஒரு லட்சமாகச் சின்னதாக்கிக் காட்ட எந்த லென்ஸும் இல்லை.