பெயர் ஒன்று, ஆள் வேறு

பள்ளியில் வேதியியல் சோதனைக்கு ஒரு சின்ன நீலத் தாள் தருவார்கள். எலுமிச்சைச் சாறு பட்டால் சிவக்கும். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு அது லிட்மஸ். பிரெஞ்சில் படித்த எங்களுக்கு 'பப்பியே து தூர்னசோல்'. தூர்னசோல் என்றால் சூரியகாந்தி. அதனால் அந்தச் சாயம் சூரியகாந்தியிலிருந்து எடுப்பது என்றே அறுபது வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பேத்தியின் பாடத்துக்கு உதவப் போய்த்தான் உண்மை தெரிந்தது. அது லைக்கனிலிருந்து வரும் சாயம். அதே பெயருள்ள வேறொரு செடியிலிருந்து ஒரு காலத்தில் சாயம் எடுத்திருக்கிறார்கள். சரக்கு மாறிவிட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

லைக்கன் நமக்குப் புதிதல்ல. செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசி ஒரு லைக்கன்தான். அந்தப் பெயரும் பாதிதான் சரி. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம் அது. பூஞ்சை வீடு கட்டித் தருகிறது, பாசி வெயிலை வைத்துச் சமைக்கிறது. 1860களில் ஷ்வெண்டனர் என்ற சுவிஸ் நாட்டுக்காரர் இதைச் சொன்னபோது பெரிய நிபுணர்கள் சீறினார்கள். பாரிஸில் வாழ்ந்த நைலாண்டர் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் லைக்கன் மேல் காரம் ஒரு சொட்டு, வெளுப்பு நீர் ஒரு சொட்டு வைத்து, நிறம் மாறுவதைக் கொண்டு இனம் பிரிக்கும் முறையை 1866ல் கொண்டுவந்தவர் அவர்தான். இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது.

மேலே படிக்கப் படிக்க கலாபகோஸ் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஈக்வடார் கரையிலிருந்து சுமார் 1,000 கி.மீ. தள்ளி, பசிபிக் கடலில் இருக்கின்றன. 1832ல் ஈக்வடார் அவற்றைச் சொந்தமாக்கிக்கொண்டபோது, அங்கே குடியேற வந்தவர்கள் கண் வைத்தது ஒர்ச்சில்லா என்ற சாய லைக்கன் மேல். 1835ல் டார்வின் வந்து இறங்குவதற்கு முன்பே லைக்கன் வியாபாரம் வந்துவிட்டது!

அங்குள்ள லைக்கன்களைக் கணக்கெடுக்க, டார்வின் ஆய்வு நிலையத்தில் ஃபிராங்க் பங்கார்ட்ஸ் என்ற ஆய்வாளரும் குழுவினரும் பல வருஷம் உழைத்திருக்கிறார்கள். கடலோர வறண்ட பாறையிலும் லைக்கன், மேலே மேகம் தவழும் காட்டிலும் லைக்கன். பாறையோடு ஒட்டி வளர்வதைச் சுரண்டி எடுக்க முடியாது. உளி வைத்துக் கல்லோடு பெயர்க்க வேண்டும். காய வைத்துக் காகித உறையில் போட்டு, இடம், உயரம், தேதி, எடுத்தவர் பெயர், வரிசை எண் எழுத வேண்டும். புது இனம் என்று அறிவித்தால், ஒரு மாதிரியை மூலமாகக் குறித்து அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். பின்னால் சந்தேகம் வந்தால் அந்த உறையைத்தான் திறந்து பார்ப்பார்கள். எங்கள் ரெக்கார்டு ரூம் போலவே இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

கோரா என்று ஒரு லைக்கன். சின்னச் சின்ன விசிறி போல வளரும். வெப்பமண்டல அமெரிக்கா முழுவதும் இருப்பது ஒரே இனம் என்று வெகுகாலம் எழுதி வைத்திருந்தார்கள். 2014ல் ராபர்ட் லூக்கிங் முதலானோர் மரபணுவைப் பார்த்துவிட்டு, அது ஒன்றல்ல, குறைந்தது 126 இனம் என்றார்கள். 400க்கும் மேல் இருக்கலாம் என்று கணக்கும் போட்டார்கள். அதன் பிறகு திரும்பிப் பார்த்தபோது வடிவம், விளிம்பு, வளரும் இடம் என்று வித்தியாசங்கள் கண்ணுக்கே தெரிந்தன. கலாபகோஸில் உள்ள கோரா வகையறாக்களில் பலவும் அந்தத் தீவுகளைத் தவிர வேறெங்கும் கிடையாது.

"இத்தனை மெனக்கெடணுமா தாத்தா? எல்லாம் பாசிதானே?" என்றாள் பேத்தி.

அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் பென்ஷன் பிரிவில் இருந்தபோது, ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் உள்ள இரண்டு பெண்களின் காகிதங்களை ஒரே ஆளுடையவை என்று நினைத்து ஒரே கோப்பில் கட்டிவிட்டேன். ஒருவருக்குக் குடும்ப பென்ஷன் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. அதனால் இன்னொருவரின் மனு வந்தபோது, 'ஏற்கெனவே வழங்கப்பட்டுள்ளது' என்று நோட் போட்டுத் திருப்பினேன். அவர் ஒரு துப்புரவுத் தொழிலாளியின் மனைவி. பதினான்கு மாதம் நடந்தார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கடைசியில் ஒருநாள், "ஐயா, அந்த அம்மாவும் நானும் ஒண்ணா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் கோப்பைப் பிரித்து அங்க அடையாளத்தைப் பார்த்தேன். ஒன்றில் இடது கன்னத்தில் மச்சம், இன்னொன்றில் வலது முழங்கையில் தழும்பு. பார்க்க இரண்டு நிமிஷம் ஆகவில்லை.

நிலுவைத் தொகை சேர்த்து வந்துவிட்டது. அந்தப் பதினான்கு மாதம் அவர் எப்படிச் சாப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

பேத்தி பேசாமல் இருந்தாள். பிறகு அடுக்களையிலிருந்து ஒரு கல்பாசித் துண்டை எடுத்து வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நண்பர்களே, உங்கள் பென்ஷன் புத்தகத்தில் வீட்டுக்காரம்மாவின் பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று இன்றே ஒருமுறை பார்த்து வையுங்கள்.