இரண்டு உயரம்

வீட்டுப் பக்கத்தில் ஒரு பார்பிக்யூ இடம் வேண்டும் என்பது அண்ணனின் நெடுநாள் ஆசை. தைப்பிங்கில் ஒரு தாமானில் கடைசி வீடு எங்களுடையது. அதனால் பக்கவாட்டில் பத்தடி நிலம் கூடுதல். அங்கே ஏற்கெனவே ஓர் அடுப்பு இருந்தது. தோட்டத்தை விட்டு இங்கே குடிவந்த வருடம் மிச்சமிருந்த செங்கற்களை வைத்து அப்பா கட்டியது. மேலே நாலு தகரம். பொங்கல், ஆட்டுக்கறி, கருவாடு, பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் என்று வீட்டுக்குள் புகையக்கூடாத எல்லாமே அங்கேதான் நடக்கும். சுவர் விரிந்து ஒரு பக்கம் சரிந்துவிட்டது. இடிப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அப்பாகூட ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணன் யூடியூப்பில் பிடித்த படம் ஒன்றைக் காட்டினான். கல் பதித்த மேடை, நடுவே கம்பி வலை, ஓரத்தில் சிங்க், நாலு உயர நாற்காலி. படத்தில் இடுக்கியோடு நின்றவர் எப்படியும் ஆறடி இருப்பார். வேலையை எடுத்த தவுக்கே மேடை உயரம் 90 சென்டிமீட்டர், எல்லா வீட்டுக்கும் அதுதான் என்றார்.

அம்மா நாலடி பத்தங்குலம்.

"அவ்ளோ ஒசரத்துல வெச்சா சட்டிக்குள்ள என்னா வேகுதுன்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

"நீங்க ஏம்மா சமைக்கணும்? வாட்டுறது நாங்க. நீங்க உக்காந்து சாப்பிடுங்க."

அவன் அதைப் பாசத்தில்தான் சொன்னான். ஆனால் நண்பர்கள் வீட்டு பார்பிக்யூ இரவுகளை நானும் பார்த்திருக்கிறேன். காலையிலேயே கோழிக்கு மசாலா தடவுவது, சாத்தேவுக்குக் கச்சான் குழம்பு அரைப்பது, வெங்காயம் நறுக்குவது, ராத்திரி பன்னிரண்டுக்கு எண்ணெய்ப் பிசுக்குத் தட்டுகளைக் கழுவுவது எல்லாம் பெண்கள். நெருப்புக்கு முன்னால் இரண்டு மணி நேரம் இடுக்கி பிடித்தவருக்குப் பாராட்டு. வெளி அடுப்பு அம்மாவுக்கு அப்படி இல்லை. அங்கே அவர்தான் முதலாளி. சட்டி கொதிக்கிற நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் மக்சிக்கோடு அரை மணி நேரம் பேசலாம். ஹரிராயாவுக்கு லெமாங் அந்த வேலிக்கு மேலேதான் வரும். அந்த அடுப்பில் மாடும் ஏறாது, பன்றியும் ஏறாது. ஒன்று அம்மாவுக்காக, இன்னொன்று மக்சிக்குக்காக. யாரும் எழுதிவைத்த சட்டமில்லை.

லயத்தில் அம்மாவின் அடுப்பு தரையோடு தரையாக இருந்தது. மரம் சீவிவிட்டு வந்து குந்தி உட்கார்ந்து சமைத்தவர். இப்போது குந்த முடியாது. தரையடுப்பு முட்டியைக் கேட்டது, இந்த மேடை தோளைக் கேட்கிறது.

அளவு நாடாவை எடுத்தேன். நின்று வேலை செய்யும் மேடை முழங்கைக்குப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கீழே இருந்தால் தோள் தூக்காது. அம்மாவின் முழங்கை தரையிலிருந்து 92. அப்படியென்றால் வாட்டுகிற கம்பி வலைக்கு 80 சரி. ஆனால் ஆட்டுக்கறிச் சட்டியே 30 சென்டிமீட்டர் உயரம். அதை 80-இல் ஏற்றினால் விளிம்பு நெஞ்சுக்கு வந்துவிடும், கிண்ட முடியாது. ஆகவே விறகடுப்பு 50, கம்பி வலை 80. படிக்கட்டு மாதிரி இரண்டு மேடை. அண்ணன் அழகில்லை என்றான். அழகில்லைதான்.

தவுக்கே இதற்கெல்லாம் மல்லுக்கட்டவில்லை. "ஆச்சி சொல்றபடி" என்று மலாயில் சொல்லிவிட்டுக் கோடு போட்டார். செங்கல் விஷயத்தில்தான் இழுபறி. சாதாரண சிமெண்ட் கலவை போதும் என்பது அவர் கட்சி. எங்கள் பழைய அடுப்பு செத்ததே அதனால்தான். நெருப்பு நேராகப் படுகிற இடத்தில் சிமெண்ட் கலவை நாளடைவில் பொடிந்து உதிரும். கான்கிரீட் என்றால் உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் சில்லு சில்லாகத் தெறிக்கும். வெளிச்சுவருக்கு என்ன வேண்டுமானாலும் வைக்கலாம். நெருப்புக்கூட்டின் உள்பக்கம் மட்டும் வெப்பம் தாங்கும் செங்கல், இணைப்புக்கு அதற்கேற்ற கலவை. செலவு 600 வெள்ளி கூடியது. கட்டி முடித்ததும் ஒரு வாரம் சும்மா விட்டு, பிறகு தினமும் கொஞ்சம் சுள்ளி, அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் என்று ஈரத்தை மெல்ல வெளியேற்றினோம். அந்த வேலையை அம்மா யாரிடமும் விடவில்லை.

கூரைக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு கேட்டான் அண்ணன். நெருப்புக்கு மேலே அது வளைந்துவிடும். தைப்பிங் மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் மூன்று மணிக்குமேல் திறந்தவெளியில் கரி பற்றவைப்பவன் பேராசைக்காரன். எட்டடி உயரத்தில் தகரம்தான் போட்டோம், மக்சிக்கின் துணிக்கொடிப் பக்கம் புகை போகாதபடி சாய்த்து.

கரிக்குக் கவலையில்லை. கோல சபெத்தாங் பக்கத்தில்தான். மாத்தாங் சதுப்புக் காட்டில் பாக்காவ் மரத்தை 30 வருடச் சுழற்சியில் வெட்டுகிறார்கள். பட்டை உரித்து, குவிமாடம் போன்ற செங்கல் சூளைக்குள் நிற்கவைத்து, கிட்டத்தட்ட ஒரு மாதம் மெல்ல வேகவைத்து ஆறவிடுகிறார்கள். சூளையில் நெருப்பு எந்த நிலைக்கு வந்திருக்கிறது என்பதைப் புகையின் வாசனையிலேயே சொல்லிவிடுவார்கள் அனுபவசாலிகள். அண்ணனுக்கு அந்தக் கரி உயிர். அம்மாவுக்கு ரப்பர் விறகுதான். "கரியில வெந்தது கடச் சோறு மாதிரி" என்பது அவர் தீர்ப்பு. அதனால் மேல்மேடையில் கரியும் கீழ்மேடையில் விறகும் ஒரே நேரத்தில் எரிகின்றன.

முதல் சனிக்கிழமை இக்கான் பாக்கார் அண்ணன் கையால். அரை மணி நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். 80 அவனுக்குத் தாழ்வு.

"குனிஞ்சு பழகு," என்றார் அம்மா, சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சிங்க்குக்கு இன்னும் குழாய் இழுக்கவில்லை. அதுவரை தட்டுகள் உள்ளே போகின்றன. அவற்றைக் கழுவுவது இப்போதைக்கு அண்ணன்.