டேலி ஆகாத மாலைகள்

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு பேச்சு தப்பாமல் வரும். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கும் சக்தி இல்லை. எல்லாக் கணக்கையும் கம்ப்யூட்டரே போட்டுவிடுகிறது, அப்புறம் என்ன மன அழுத்தம்?" நான் இதற்குத் தலையாட்டுவதில்லை.

எங்கள் காலத்து வேலை உடம்பை வாட்டியது, மறுக்கவில்லை. பித்தளை டோக்கனோடு காத்திருக்கும் கூட்டம், தூக்க முடியாத லெட்ஜர்கள், ஒவ்வொரு சேமிப்புக் கணக்குக்கும் கையால் வட்டி போடும் அரையாண்டு முடிவு. பத்துக் காசு உதைத்தாலும் அது கிடைக்கும்வரை யாரும் எழுந்து போக மாட்டோம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், யாரோ 54ஐ 45 என்று மாற்றி எழுதியிருக்கலாம் என்று தேடத் தொடங்குவோம். கணக்கு டேலி ஆனதும் பேனாவை மூடினால் அன்றைய வேலை முடிந்தது. மறுநாள் காலைவரை வங்கி நம்மைத் தேடாது. வேலை முடிந்தது என்று நமக்கே தெரிகிற அந்த நிம்மதிதான் எங்களைக் காப்பாற்றியது.

என் தம்பி மகள் பொறியியல் படித்துவிட்டு ஒரு பொதுத்துறை வங்கியில் அதிகாரியாக இருக்கிறாள். ஒருநாள் சொன்னாள்: "பெரியப்பா, உங்களுக்கு டேலி ஆனா வீட்டுக்குப் போயிடுவீங்க. எங்களுக்கு அதுக்கப்புறம்தான் கான்ஃபரன்ஸ் கால்." டெபாசிட், கடன், வாராக்கடன் வசூல், இன்ஷூரன்ஸ், கிரெடிட் கார்டு என்று எல்லாவற்றுக்கும் டார்கெட். எந்தக் கிளை எத்தனையாவது இடம் என்று வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் வரும். மார்ச் 31 இரவு இலக்கைத் தொட்டாலும் ஏப்ரல் 1 காலையில் எல்லாம் மறுபடி பூஜ்யம். நவம்பரில் உயிர்வாழ் சான்று தராததால் பென்ஷன் நின்றுபோன ஒரு பாட்டிக்கு அவள் அரைமணி நேரம் உட்கார்ந்து உதவினாளாம். அந்த அரைமணிக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த ஒரே திருப்தி அதுதான்.

அதைவிட என்னை வருத்துவது வேறொன்று. தொண்ணூறுகளில் வங்கிகளில் ஆள் எடுப்பது மிகவும் குறைந்தது. 2000-01இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். பெரிய அளவில் ஆளெடுப்பு மறுபடி தொடங்கப் பல ஆண்டுகள் ஆயின, ஐ.பி.பி.எஸ். பொதுத்தேர்வு 2011இல்தான் வந்தது. அதனால் பல கிளைகளில் ஓய்வை நெருங்கிய மேனேஜரும் இருபத்தைந்து வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள், நடுவில் ஆளே இல்லை. நான் சேர்ந்தபோது பக்கத்து மேசையில் பத்து வருஷம் மூத்த ஓர் அண்ணன் இருந்தார். கோபமாக வருபவரிடம் எப்படிப் பேசுவது, கையெழுத்தில் எதைப் பார்ப்பது, கடன் கேட்பவரின் கடையை எந்த நேரத்தில் போய்ப் பார்ப்பது என்பதெல்லாம் அவர் சொல்லித் தந்தவை. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அப்படி ஓர் அண்ணன் கிடைக்கவில்லை.

2010 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு எங்களுக்குள்ள பென்ஷனும் இல்லை, தேசிய ஓய்வூதியத் திட்டம்தான். முதுமைக்கு இவ்வளவு வரும் என்று தெரிந்து உழைப்பது வேறு, தெரியாமல் உழைப்பது வேறு.

எங்களுக்கும் காயங்கள் உண்டு. பதவி உயர்வோடு கிராமத்துக்கு மாற்றல் வரும், குடும்பம் ஓரிடம் நாம் ஓரிடம். அதற்காகவே பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பெண்கள் எத்தனையோ பேர். நாற்பத்தைந்து வயதில் கீபோர்டைத் தொட்டபோது கை நடுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்பு அறிவிப்புக்குப் பிறகு, சனி ஞாயிறும் கிளைகள் திறந்திருந்த அந்த வாரத்தில், மூத்தவர்கள் பணத்தை எண்ண, இளையவர்கள் சிஸ்டத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் அருமை மற்றவருக்குத் தெரிந்த நாட்கள் அவை.

தம்பி மகளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். அவசரம் என்று யார் கேட்டாலும் பாஸ்வேர்டைக் கொடுக்காதே. நாங்கள் வவுச்சரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மறுத்தோமே, அதே விஷயம்தான். பயிர்க்கடனுக்கு வந்தவர் தலையில் பாலிசியைக் கட்டாதே. அந்த மாத எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும். ராத்திரி தூக்கம் வராவிட்டால் அதை வீட்டில் சொல், டாக்டரிடமும் சொல்.

பெற்றவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பிள்ளை வீட்டுக்குள் நுழைந்ததும் பிரமோஷன் எப்போது என்று விசாரிக்காமல் முதலில் சாப்பாடு போடுங்கள்.

பிள்ளைகள் வீட்டில் இருக்க நாளும் வேண்டுமே. 2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. ஐந்து நாள் வாரத்துக்கு 2024 மார்ச்சில் இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் உடன்பட்டு, அரசின் அனுமதிக்கு விட்டன. வந்தால் நல்லதுதான். ஆனால் அந்தச் சனிக்கிழமையிலும் வசூல் முகாம், போனில் ரிப்போர்ட் என்று இழுத்தால் அது விடுமுறை ஆகாது. விடுமுறை நாளிலும் வேலை நேரம் முடிந்த பிறகும் அழைக்கக் கூடாது என்பதை அடுத்த ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்க வேண்டும். ஓய்வு பெற்றோர் கூட்டங்களில் நாம் நம் பென்ஷன் உயர்வுக்காக மணிக்கணக்கில் பேசுகிறோம். அதே மேடையில் இந்தக் கோரிக்கையையும் நாமே எழுப்புவோம். வேலையில் இருக்கும் பிள்ளைகள் பேசத் தயங்குவார்கள். நம்மை இனி யாரும் மாற்றல் செய்ய முடியாது.