ஊருக்குள்ளயா, காலனியா?

சென்னையில் கல்லூரி சீட் வாங்க நமக்குச் சட்டம் இருக்கிறது. ரேங்க் லிஸ்ட் இருக்கிறது, இடஒதுக்கீடு இருக்கிறது, மறுத்தால் வழக்குப் போடலாம். அந்த சீட்டை வைத்துக்கொண்டு மூன்று வருடம் படிக்க வேண்டுமென்றால் இரவில் படுக்க ஓர் இடம் வேண்டுமே, அதற்கு என்ன இருக்கிறது? 1857இல் பல்கலைக்கழகம் வந்த நகரம் இது. மெரினா எதிரே செனட் ஹவுஸையும் மாநிலக் கல்லூரியையும் படம் பிடிக்காதவர்கள் இல்லை. அந்தக் கட்டடங்களில் பகலில் உட்கார்ந்து படித்தவர்கள் ராத்திரி எங்கே போய்ப் படுத்தார்கள் என்பதைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

எங்களில் பெரும்பாலோர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள். சென்னையில் சொந்தக்காரர் வீடு இருந்தவர்களுக்கும் அது ஒரு குடிசை மாற்று வாரிய வீட்டின் ஒற்றை அறையாக இருந்தது. அதில் ஏற்கெனவே ஐந்து பேர். ஒரு மாதம் தாங்குவார்கள். மூன்று வருடம் எப்படித் தாங்குவார்கள்?

ஹாஸ்டல் கிடைக்காத வருடங்களில் நாங்கள் 'டூ-லெட்' போர்டு பார்த்துத் திரிந்த தெருக்களுக்குக் கணக்கில்லை. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பெயரில் கிடைக்காததை வேறு வழியில் எடுத்துக்கொள்ள வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். முதல் கேள்வி, "சொந்த ஊர் எது தம்பி?" இரண்டாவது, "அப்பா என்ன பண்றார்? நிலம் இருக்கா?" மூன்றாவது, "ஊர்ல எந்தத் தெரு?" அதற்கும் பிடி கொடுக்காவிட்டால் நேராகவே வந்துவிடும்: "ஊருக்குள்ளயா, காலனியா?" இதையெல்லாம் கேட்காத மரியாதைக்காரர்களும் உண்டு. அவர்கள் "நான்-வெஜ் சாப்பிடுவீங்களா?" என்று மட்டும் கேட்பார்கள். ஆட்டுக்கறி சாப்பிடுகிறவர் "ஆமாம்" என்று சொன்னாலும் அடுத்து, "வேற ஒண்ணும் இல்லையே?" என்பார்கள். அந்த 'வேற'க்கு என்ன அர்த்தம் என்று கேட்பவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

எங்கள் தோழி ஒருவருக்கு ஒரு வீட்டில் அட்வான்ஸ் வாங்கி, சாவியும் கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் நாள் ஆதார் நகல் கேட்டார்கள். கொடுத்தார். ஆதாரில் சாதி இருக்காது, ஆனால் முகவரியில் 'காலனி' இருந்தது. மறுநாள் காலையில் வீட்டுக்காரம்மா வந்து, "என் தங்கச்சி பொண்ணு வர்றா, ரூம் தேவைப்படுதும்மா" என்றார். அட்வான்ஸைப் பைசா குறையாமல் திருப்பிக் கொடுத்தார். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை, காபிகூடக் கொடுத்தார். நகரத்துச் சாதி இப்படித்தான் வேலை செய்கிறது. புகார் எழுத உட்கார்ந்தால் எழுதுவதற்கு ஒரு வாக்கியம்கூடச் சிக்காது.

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவில், எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தீண்டாமையின் பெயரால் தடுப்பது குற்றம் என்று இருக்கிறது. சட்டம் படிக்கும் தோழர்கள் அதை எடுத்து வாசித்துப் பாருங்கள். சிக்கல் நிரூபிப்பதில் இருக்கிறது. "தங்கச்சி பொண்ணு வர்றா" என்பதை எந்த நீதிமன்றத்தில் பொய் என்று நிரூபிப்பது? இன்னொரு பக்கம், 2005இல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்கம் தொடர்பான வழக்கில், ஒரு சமூகத்தார் தங்களுக்குள் மட்டும் வீட்டுவசதிச் சங்கம் வைத்துக்கொள்ளலாம், விதியிலேயே அப்படி எழுதிக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓட்டலில் கதவை மூடினால் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு நேராக வந்து நிற்கும். வீட்டுக் கதவுக்கு அது அப்படி வருவதில்லை.

குஜராத் என்றதும் பரோடா நினைவுக்கு வருகிறது. 1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போன அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிகளின் சத்திரம் ஒன்றில், பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பதினோராம் நாள் கையில் தடியோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றியது. நகரத்தில் வேறு யாரும் இடம் தராமல் ஒரு பொதுப் பூங்காவில் போய் உட்கார்ந்தார். இது நமக்கெல்லாம் தெரிந்த கதைதான், மேடைக்கு மேடை சொல்கிறோம். அவர் அதற்கு என்ன பதில் செய்தார் என்பதைத்தான் நாம் குறைவாகச் சொல்கிறோம். 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். மறு வருடமே சோலாப்பூரில் அந்த சபை மாணவர்களுக்கு ஒரு விடுதி திறந்தது. அவருக்கு முன்பே கோலாப்பூரில் சாகு மகாராஜா விடுதி விடுதியாகக் கட்டியிருந்தார். நம் பக்கத்தில் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது பிள்ளைகள் தங்குவதற்கும் சேர்த்தே யோசித்தார். பள்ளிக்கூடம் மட்டும் போதாது, பாய் விரிக்க இடமும் வேண்டும் என்று இவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அது எதிராளிகளுக்கும் தெரியும். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவையும் மற்ற நான்கு மாணவர்களையும் தண்டித்தபோது வகுப்பிலிருந்து நீக்கவில்லை. விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். 2016 ஜனவரிக் குளிரில் அவர்கள் வளாகத்துக்குள்ளேயே, கடைகள் இருக்கும் இடத்தில் கூடாரம் போட்டுப் படுத்தார்கள். அதற்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் சேரி என்று அர்த்தம். பல்கலைக்கழகத்துக்குள் சேரி எப்படி உருவாகிறது என்பதை அந்த ஒரு சொல்லால் காட்டிவிட்டார்கள்.

இப்போது நம் விடுதிகளுக்கு வருவோம். அவற்றைப் பற்றிச் செய்தி வந்தால் கழிப்பறையும் சாம்பாரும்தான் வரும். அது பொய்யில்லை. கல்லூரி மாணவருக்கு மாதம் 1,100 ரூபாயாக இருந்த உணவுப்படியை 2023இல்தான் 1,500 ஆக்கினார்கள். ஒரு நாளைக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கு. ஒரு டீயும் இரண்டு வடையும் சாப்பிட்டுவிட்டு மீதியைக் கணக்குப் பாருங்கள். நான்கு பேர் அறையில் எட்டுப் பேர் இருப்போம். அதில் இரண்டு பேர் பதிவேட்டிலேயே இருக்க மாட்டார்கள். படிப்பு முடிந்தும் போட்டித் தேர்வுக்காகத் தங்கியிருக்கும் அண்ணன் ஒருவர், இடம் கிடைக்காத ஊர்க்காரப் பையன் ஒருவன். 'கெஸ்ட்' என்று சொல்வோம். வார்டன் ரவுண்ட்ஸ் வரும்போது கெஸ்ட்டுகள் மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள். சாப்பாடு எல்லோருக்கும் ஒரே தட்டிலிருந்துதான். அந்த ஏற்பாட்டை எதிர்த்து ஒருவன்கூட முணுமுணுத்து நாங்கள் கேட்டதில்லை.

செய்தியில் வராத ஒன்றும் உண்டு. வாழ்க்கையில் முதல்முறையாக எங்கள் சாதியை யாரும் கேட்காத இடம் அது. கேட்கத் தேவையில்லாத இடம். அம்பேத்கர் தொகுதிகளை நாங்கள் படித்தது கல்லூரி நூலகத்தில் இல்லை, ராத்திரி பதினோரு மணிக்கு விடுதி வராண்டாவில். ஒருவன் சத்தமாக வாசிப்பான், புரியாததை சீனியர் அண்ணன் விளக்குவார், அவருக்கும் புரியாவிட்டால் சண்டை நடக்கும். பெண்கள் விடுதிகளில் இதற்குக்கூட வழி குறைவு. ஆறரை மணிக்குள் கேட் மூடிவிட்டால் கூட்டத்துக்குப் போவது எப்படி, நூலகத்தில் உட்காருவது எப்படி? இதை நம் அமைப்புகளின் ஆண் தோழர்கள் இன்னும் தங்கள் கோரிக்கையாக எடுக்கவில்லை என்பது எங்கள் வருத்தம்.

2025 ஜூலையில் அரசு நலத்துறை விடுதிகள் எல்லாவற்றுக்கும் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். அதற்குக் கொஞ்சம் முன்பு 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். எங்களுக்குள் இதைப் பற்றி இன்னும் ஒத்த கருத்து இல்லை. எந்த ஃபாரத்தில் முகவரி எழுதினாலும் சாதி தெரிந்துவிடும் என்பதால் நண்பன் வீட்டு முகவரியை எழுதியவர்கள் எங்களில் உண்டு. அவர்களுக்கு இந்த மாற்றம் நிம்மதி. இன்னொரு பக்கம், 'ஆதிதிராவிடர்' என்பது யாரோ நம் மேல் ஒட்டிய பெயர் இல்லை. இழிவான பெயர்களை நீக்கி இந்தப் பெயரால் அழைக்க வேண்டும் என்று எம்.சி. ராஜா போன்றவர்கள் போராடி, 1922இல் அரசாணையாக வாங்கிய பெயர். அதைப் போர்டிலிருந்து எடுக்கும்போது 'அப்பாடா' என்று பெருமூச்சு வருகிறதென்றால் வெட்கப்பட வேண்டியவர்கள் நாமில்லை. சைதாப்பேட்டையில் அவர் பெயரிலேயே உள்ள விடுதி வளாகத்தில் 2025இல் பத்து மாடிக் கட்டடமும் எழும்பிவிட்டது. நல்லது. அந்த மாதிரி இன்னும் பத்து வேண்டும், அதில் பாதி பெண்களுக்கு வேண்டும்.

பெயர் மாறியதால் வீட்டுக்காரர் கேள்வி மாறவில்லை. அதனால் எங்களிடம் ஒரு நோட்டு இருக்கிறது. கேள்வி கேட்காமல் வீடு கொடுத்தவர்கள், திருவல்லிக்கேணியில் வாடகையைத் தவிர வேறெதையும் விசாரிக்காத மேன்சன்கள், வாடகை பத்து நாள் தாமதித்தாலும் பொறுப்பவர்கள் என்று ஜூனியர்களுக்காக சீனியர்கள் எழுதி வைத்தது. கேட்டவர்களின் பக்கமும் தனியாக இருக்கிறது: தேதி, தெரு, என்ன கேட்டார்கள், சாட்சிக்கு யார் கூட இருந்தார்கள். என்றாவது ஒரு வழக்குப் போட அந்தப் பக்கங்கள்தான் உதவும். அட்மிஷன் நேரத்தில் கிளாம்பாக்கத்தில் பெட்டியோடு இறங்கி யாருக்குப் போன் பண்ணுவது என்று தெரியாமல் நிற்கும் பிள்ளையை உங்களுக்குத் தெரிந்தால் எங்களிடம் அனுப்புங்கள். ரூம் கிடைக்கும்வரை கெஸ்ட்டாக இருக்கட்டும்.