அம்மா உட்காரும் சீட்

காலை நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு முதுகுவலி ஒன்றும் புதிதல்ல. ஆனால் கடந்த ஆண்டு ஒரு வாரம் எனக்கு வந்தது வேறு மாதிரியான வலி. வலது இடுப்பில் தொடங்கும். தொடையின் பின்பக்கமாக இறங்கும். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுகொள்ளும். பாட்டு ஓடும் நேரத்தில் எழுந்து நின்று காலை உதறிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தயாரிப்பாளர், "என்ன, ஸும்பாவா?" என்று கேட்டுச் சிரித்தார்.

அந்த வாரம் என் கார் வர்க்‌ஷாப்பில் இருந்தது. அதிகாலை நாலரை மணிக்குக் கிள்ளானிலிருந்து கிளம்ப வேண்டிய எனக்கு வேறு வழியில்லை. வீட்டு வாசலில் இரண்டு வருடமாகச் சும்மா நின்றுகொண்டிருந்த அம்மாவின் கஞ்சிலை எடுத்தேன்.

கஞ்சில் என்றால் சருகுமான் என்பது உங்களுக்குத் தெரியும். 1994 முதல் 2009 வரை பெரோடுவா தயாரித்த அந்தக் குட்டிக் காரில் ஏறாத குடும்பம் நம்மில் குறைவு. அம்மாவுடையது 2002-இல் வாங்கியது, 850 சிசி. அப்பா போர்ட் கிள்ளானில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சம்பளம் வீட்டுக் கடனுக்கே போய்விடும். அம்மா இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு மளிகைக் கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். முதலில் நடந்து, பிறகு அப்பாவின் மோட்டார் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து, அதுவும் போதாமல் போனபோது நாற்பத்தொரு வயதில் லைசென்ஸ் எடுத்தார். காப்பார் சாலை, மேரு, தாமான் செந்தோசா என்று காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. நான் ஊடகவியல் படித்த மூன்று வருடமும் அந்த மாவில்தான் ஓடியது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "இனிமே ஓட்டல. கண்ணு சரியா தெரியல" என்றார். மாவு வியாபாரத்தை அத்தை மகளிடம் கொடுத்துவிட்டார். கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். புதுக் கண்ணாடி போட்டார்கள், எல்லாம் சரியாகத் தெரிகிறது என்றார்கள். அப்படியும் சாவி ஆணியிலேயே தொங்கியது. வயதாகிறது, பயம் வந்துவிட்டது என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். கோயிலுக்கு கிராப், பசாருக்கு நான், கல்யாண வீடுகளுக்கு யார் காரில் இடமிருக்கிறதோ அவர்கள். யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று அம்மா மெதுவாகக் கோயிலுக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். அதையும் நாங்கள் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை கூட்டரசு நெடுஞ்சாலையில் போகும்போதுதான் புரிந்தது. நான் நேராக உட்காரவில்லை. கதவுப் பக்கமாகச் சரிந்து, அதைச் சமாளிக்க இடுப்பை இடது பக்கம் வளைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். சீட்டில் ஒரு குழி இருந்தது.

படித்தவள் செய்கிற வேலையைச் செய்தேன்: இணையத்தில் 39 வெள்ளிக்கு ஒரு ஜெல் குஷன் வாங்கிப் போட்டேன். முதல் நாள் சுகமாக இருந்தது. இரண்டாம் நாள் அதுவும் குழிக்குள் இறங்கிச் சரிந்தது. கோணலாகிப்போன கட்டிலில் எத்தனை மெத்தை போட்டாலும் தூக்கம் கோணல்தான். அடியில் இருப்பது சரியாகாமல் மேலே போடுவது எதுவும் நிற்காது. எங்கள் நிலையத்தின் ஒலி தொழில்நுட்ப அண்ணன்தான், "குஷன் கடையில குடும்மா, சீட்டைப் பிரிச்சுப் பார்ப்பாங்க" என்று மேரு சாலையில் ஒரு கடையைச் சொன்னார்.

கடை என்றால் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு ஷாப்லாட், முன்னால் பழைய சோபா இரண்டு, உள்ளே தையல் இயந்திரம், கூரை வரை ஸ்பஞ்சு அடுக்கு. தவுக்கேக்கு எழுபது வயது இருக்கலாம். சீட்டை உள்ளங்கையால் மூன்று இடத்தில் அழுத்தினார். "ஸ்பான் ஹாபிஸ்" என்றார். ஸ்பஞ்சு முடிந்துவிட்டது. அடுத்த கேள்வி: "சியாபா பாவா?" யார் ஓட்டுவது?

அம்மா என்றேன். இப்போது ஓட்டுவதில்லை என்றும் சொன்னேன். அவர் சீட்டையும் என்னையும் பார்த்துவிட்டு, அப்படியானால் யாருக்காகச் செய்வது என்று கேட்டார். பதில் வரவில்லை. ஓட்டுகிறவர் வந்து உட்கார்ந்து காட்டினால்தான் செய்வேன் என்று சொல்லிவிட்டு அவர் சோபா வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார். சட்டை தைக்க ஆள் வர வேண்டாமா என்று கேட்பது மாதிரி இருந்தது அவர் முகம்.

அம்மாவைக் கூட்டிப்போவது அத்தனை சுலபமாக இல்லை. "ஓட்டாத காருக்கு எதுக்கு செலவு? வித்துடு" என்றார். எனக்கு முதுகு வலிக்கிறது, எனக்காக வாங்க என்று பொய் சொன்னேன். பிள்ளைக்கு வலி என்றதும் உடனே செருப்பைப் போட்டுக்கொண்டார். வழியில் ஒருமுறைகூடச் சீட்டைப் பற்றிப் பேசவில்லை.

தவுக்கே நான்கு போல்ட்டுகளைக் கழற்றிச் சீட்டை வெளியே எடுத்தார். உறையைப் பிடித்திருந்த சின்னக் கம்பி வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டினார். உறைக்குள்ளே நான் எதிர்பார்க்காத ஒரு குடும்ப வரலாறே இருந்தது. மேலே மடித்த துவாலை ஒன்று. அதன் கீழே என் தம்பி குழந்தையாக இருந்தபோது படுத்த மெத்தையிலிருந்து வெட்டிய ஸ்பஞ்சு; வாத்துப் படம் போட்ட துணியோடு அப்படியே இருந்தது. அதற்கும் கீழே பத்துக் கிலோ அரிசிச் சாக்கு, நான்காக மடித்தது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மெல்லிய பலகை. அம்மா ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. கஞ்சிலில் சீட்டை உயர்த்தும் வசதி கிடையாது. ஸ்டியரிங்குக்கு மேலே சாலை தெரிவதற்காக ஒவ்வொன்றாக வைத்துத் தைத்திருக்கிறார். எப்போது தைத்தார்? நாங்கள் தூங்கிய பிறகாகத்தான் இருக்க வேண்டும்.

பலகையை எடுத்ததும் தவுக்கே நாக்கைச் சப்புக்கொட்டினார். ஸ்பஞ்சைத் தாங்கும் நெளிக்கம்பிகளில் ஒன்று கொக்கியை விட்டுத் தொங்கியது. இன்னொன்று உடைந்து, அதன் முனை பலகையில் குத்திப் பள்ளமே போட்டிருந்தது. பழைய ஸ்பஞ்சு வலது ஓரத்தில் மாவாக உதிர்ந்தது.

ஏன் வலது ஓரம் என்று தவுக்கேயிடம் கேட்டேன். நம் ஊரில் ஓட்டுநர் கதவு வலது பக்கம். ஏறும்போதும் இறங்கும்போதும் உடம்பு முழுவதும் அந்த ஓரத்தில்தான் தேய்ந்து இறங்குகிறது. வேலைக்குப் போய்த் திரும்புகிறவர் ஒரு நாளைக்கு நான்கைந்து முறை ஏறி இறங்குவார். கடைகடையாக மாவு போடுகிறவர் நாற்பது முறை. ஸ்பஞ்சு என்பது காற்றுக் குமிழ்களின் கூடு. அழுந்தி விரிந்து அழுந்தி விரிந்து அந்தக் கூட்டின் சுவர்கள் மெல்ல உடைகின்றன. நம் வெயிலும் ஈரமும் அதை இன்னும் வேகப்படுத்தும். ஓரம் தாழ்ந்ததும் இடுப்பு சரிகிறது, இடுப்பு சரிந்ததும் முதுகு அதை ஈடுகட்ட வளைகிறது. எனக்கு மூன்று நாளில் புரிந்த விஷயம்.

தவுக்கே வெறும் சட்டத்தின் மேல் ஒரு தற்காலிக ஸ்பஞ்சை வைத்து அம்மாவை உட்காரச் சொன்னார். எங்கே வலிக்கும் என்று மலாயில் கேட்டார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. பத்துப் பதினைந்து சீனர் கடைகளில் பல வருடம் பேரம் பேசிய சரளமான மலாயில் பேசத் தொடங்கினார். "சினி சாகிட், தவுக்கே." இங்கே வலிக்கும். "காக்கி பூன் கெபாஸ்." காலும் மரத்துப்போகும். பிரேக்கை மிதிக்கிறேனா இல்லையா என்றே சில நேரம் தெரியாது. ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் அப்படி ஆனது. யார் மேலும் மோதவில்லை. ஆனால் அன்றைக்கே சாவியை மாட்டிவிட்டேன்.

"லாமா சுடா?" ரொம்ப நாளாகவா?

"லாப்பான் தாஹூன்."

எட்டு வருடம். நான் அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஸ்டூடியோ நாற்காலி கிறீச்சிட்டு மைக்கில் கேட்கிறது என்று ஒருமுறை நான் புகார் கொடுத்தேன். மூன்றே நாளில் புது நாற்காலி வந்தது. உயரத்துக்கு ஒரு பிடி, சாய்வுக்கு ஒரு பிடி, கைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. வேலைக்கு உட்காரும் இடம் சரியாக இருக்க வேண்டும் என்று நிகழ்ச்சியில் ஒரு மணி நேரம் பேசியும் இருக்கிறேன். அம்மாவின் வேலைக்கான நாற்காலி அந்தக் கார் சீட்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தவுக்கே வேலையை ஆரம்பித்தார். நெளிக்கம்பிகளை மாற்றினார். அவை ஸ்பஞ்சை அறுக்காமலிருக்க மேலே தடித்த கித்தான் துணி. அதன் மேல் கெட்டியான ஸ்பஞ்சு, எல்லாவற்றுக்கும் மேல் கொஞ்சம் மெத்தென்று ஒன்று. மெத்தென்று இருப்பதை மட்டும் போட்டால் கடையில் உட்கார்ந்து பார்க்கச் சுகமாக இருக்கும், ஒரு மணி நேரம் ஓட்டினால் குழி விழும் என்றார். அம்மாவின் உயரத்துக்காக இரண்டு அங்குலம் ஏற்றினார், ஆனால் முன் விளிம்பை ஏற்றவில்லை. அது தொடையை அழுத்தினால் கால் மரக்குமாம். கதவுப் பக்க ஓரத்தைப் பழையபடி உயர்த்தாமல் தாழ்வாகவும் கெட்டியாகவும் வைத்தார், முழங்கால் வலிக்காரர் வழுக்கி இறங்க வசதியாக. பெல்ட்டைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்; வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படிகிறதா என்று பார்த்த பிறகுதான் உறையைத் தைத்தார். மொத்தம் 180 வெள்ளி. அம்மா பழக்கத்தில் 150-க்குக் கேட்டார். 170-க்கு முடிந்தது.

வாத்துப் படத் துணியை மட்டும் அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார்.

சீட்டை மாற்றியதும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். கால் மரத்துப்போவதற்குச் சீட் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பதால் கிளினிக்குக்கும் கூட்டிப்போனேன். ஆறு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். காலில் உணர்ச்சி சரியாக இருக்கிறது, ஓட்டலாம் என்று அவர்கள் சொல்லும்வரை சாவியை நானே ஒளித்துவைத்தேன். அதற்குள் தாமதமாக நானும் சில விஷயங்களைக் கற்றுக்கொண்டேன்: பிரேக்கை முழுவதும் மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும், தோள் சாய்மானத்தில் இருக்கும்போதே மணிக்கட்டு ஸ்டியரிங்கின் மேல் விளிம்பைத் தொட வேண்டும். அம்மாவுக்கு எல்லாம் சரியாக இருந்தது. எனக்குத்தான் என் சொந்தக் காரில் சரியாக இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை ஆறரைக்கு எழுந்து பார்த்தால் அம்மா புடவை கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "தெங்கு கிளானாவுல பூ வாங்கணும். வர்றியா?" சாவியைக் கொடுத்தேன். சீட்டை இரண்டு கிளிக் முன்னால் இழுத்தார், கண்ணாடியைத் திருப்பினார், ஒன்றும் சொல்லாமல் கிளம்பினார். முதல் சிக்னலில் கொஞ்சம் முன்னதாகவே பிரேக் மிதித்தார். மூன்றாவது சிக்னலில் பக்கத்து லோரிக்காரனைத் திட்டினார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நான் பக்கத்தில் இடது பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தேன். இருபது வருடமாக மாவுப் பெட்டி வைத்த சீட் அது. அம்மா ஓரக்கண்ணால் பார்த்தார்.

"உனக்கு இடுப்பு வலிக்குதா பாப்பா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாத. தவுக்கே சனிக்கிழமை எத்தனை மணிக்குத் தொறப்பாரு?"