மாமா இழுத்த புகைக்கு ஒரு கணக்கு

2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியபோது பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகளை மூடினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். எங்கள் ஊர்க் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று நாடே கேட்டது. அளக்கும் கருவிகளும் வந்தன. அதே ஊரில், கப்பல் பட்டறையில் 22 ஆண்டு வெல்டிங் வேலை பார்த்த என் மாமா இழுத்த காற்றை மட்டும் யாரும் அளந்ததில்லை.

வேலையை விட்டுச் சில ஆண்டுகள் கழித்து அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. "சிகரெட் பிடிப்பீங்களா?" என்றார் டாக்டர். பழக்கமில்லை என்றதும், "என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்டார். நோயாளியிடம் தொழிலைக் கேளுங்கள் என்று மருத்துவர்களுக்கு 1700ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தவர் இத்தாலிய மருத்துவர் ரமாசினி. கேள்வி பழையதுதான். பதில் சொல்வதுதான் சிரமம்.

தொழில்நோய் என்று சொக்சோவில் மனுச் செய்ய, வேலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்ட வேண்டும். "புகையில் நின்றேன்" என்றால் போதாது. என்ன உலோகம், எவ்வளவு, எத்தனை ஆண்டு என்று கேட்பார்கள். இரத்தத்தைச் சோதித்தால் தெரியாதா என்று நான் கேட்டேன். ஈயம் என்றால் எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். வெல்டிங் புகையில் வரும் மாங்கனீசும் குரோமியமும் அப்படியல்ல. இரத்தமும் சிறுநீரும் அவற்றைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் அண்மைக் காலக் கதையைத்தான்.

முறைப்படி அளப்பது இப்படி: தொழிலாளியின் காலர் பக்கம் ஒரு சிறிய வடிகட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பம்பு. வேலை நேரம் முழுக்க அது காற்றை இழுக்கும். வடிகட்டியில் படிந்ததை ஆய்வுக்கூடத்தில் அளப்பார்கள். நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, மாங்கனீசின் 8 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அளந்த பதிவுகளை 30 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆனால் மாமா ஐந்து குத்தகையாளர்களிடம் மாறி மாறி வேலை செய்தவர். அதில் இருவர் இன்று தொழிலிலேயே இல்லை. அவர் சட்டையில் ஒருநாளும் அந்த வடிகட்டி மாட்டப்படவில்லை.

பதிவு இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. அதே மாதிரி வேலையை அதே மாதிரி இடத்தில் செய்தவர்களிடம் எடுத்த அளவுகளைக் கொண்டு, இவருக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று மதிப்பிடலாம். அதற்கு அந்தக் காலத்து விவரம் வேண்டும். தொழிற்சுகாதார நிபுணர் ஒருவர் மாமாவை எதிரில் உட்கார வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். மேல்தளத்திலா, கப்பல் தொட்டிக்குள்ளா? சாதா இரும்பா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா? எந்த வெல்டிங் குச்சி? ப்ளோவர் ஓடியதா? பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் பற்றவைத்தீர்களா, அப்படியேவா? ஓ.டி. எத்தனை மணி?

பேச்சோடு பேச்சாக அத்தை ஒன்று சொன்னார்: "திங்கட்கிழமை ராத்திரி ஆனா இவருக்குக் காய்ச்சல் வந்துடும். பால் காய்ச்சிக் கொடுப்பேன். விடிஞ்சா சரியாயிடும்." நிபுணர் உடனே குறித்துக்கொண்டார். துத்தநாகம் பூசிய இரும்பைப் பற்றவைத்தால் வரும் காய்ச்சல் அது. தினமும் புகையில் நின்றால் உடம்பு பழகிக்கொள்ளும். வார விடுமுறையில் அந்தப் பழக்கம் விட்டுப்போகும், திங்கட்கிழமை மறுபடி காயும். பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அத்தையின் ஞாபகம், எந்தக் கருவியும் பதியாத ஒரு விவரத்தைக் கொடுத்தது.

கணக்கு எளிமையானதுதான். கன மீட்டருக்கு 2 மில்லிகிராம் புகையில் 10 ஆண்டு என்றால் 20; தொட்டிக்குள் 5 மில்லிகிராமில் 4 ஆண்டு என்றாலும் அதே 20. மாமாவுக்குக் கிடைத்தது ஒற்றை எண் அல்ல. இதிலிருந்து இதுவரை என்று ஒரு வரம்பு. மனு இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

பதிவு இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அமெரிக்காவின் பால்டிமோர் சாட்சி. அங்கே ஒரு குரோமேட் ஆலையில் 1950 முதல் 1974 வரை சேர்ந்த 2,357 பேரை ஆராய்ந்து 2000இல் முடிவை வெளியிட்டார்கள். ஆலையில் எடுத்து வைத்திருந்த சுமார் 70,000 காற்று அளவீடுகள் கைகொடுத்தன. குரோமியம் கூடக் கூட நுரையீரல் புற்றுநோயும் கூடியது தெரிந்தது. 2006இல் அமெரிக்கா குரோமிய வரம்பை 52 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தபோது அந்த ஆய்வும் ஆதாரமாக நின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் 2017இல், புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் பட்டியலில் வெல்டிங் புகையைச் சேர்த்துவிட்டது.

இன்று பட்டறைக்குப் போகும் தம்பிமார்களுக்குச் சொல்கிறேன். ஒரு 555 நோட்டு வாங்குங்கள். எந்த மாதம், எந்தக் குத்தகையாளர், எந்த இடம், என்ன குச்சி, காற்றோட்டம் இருந்ததா என்று மாதம் ஒரு வரி எழுதுங்கள். குச்சிப் பெட்டியின் மேலட்டையைப் படம் பிடித்து வையுங்கள். காற்றை அளந்தால் முடிவைக் கேளுங்கள். பழைய ஊழியர் சேமநிதி அறிக்கைகளைத் தூக்கிப் போடாதீர்கள். யாரிடம் எப்போது வேலை செய்தோம் என்பதற்கு அதுவே சாட்சி. வேலையை விட்டவர்கள் பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்து பேசி எழுதுங்கள். வீட்டுப் பெண்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத்தான் காய்ச்சல் வந்த நாள் நினைவிருக்கும்.