அம்பாசிடரின் சீட் ரெயில்

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

மாமாவின் அம்பாசிடரைக் கயிறு கட்டி இழுத்துவந்து பட்டறையில் போட்டாயிற்று. 1985 மாடல், மார்க் 4. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையில் 1.68 லட்சம் கனஅடி திறந்தார்களே, அன்று தென்பெண்ணை கொல்லைக் கொட்டகைக்குள் புகுந்து சீட்டை நனைத்தது. வெள்ளம் வடிந்தும் தரைவிரிப்புக்கு அடியில் இருந்த கம்பளித் துணி ஈரத்தை விடவில்லை. அதைக் கிழித்தால் வண்டல். வண்டலைச் சுரண்டினால் ரெயில் போல்ட்டுகள், நாவல்பழம் பருமனுக்குத் துருத் திரண்டு. முன் சீட் இம்மியும் நகரவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

"கேஸ் காட்டினா ரெண்டு நிமிஷம் சார்," என்றார் மெக்கானிக் அண்ணன். வண்டிக்கு அடியில் என்றால் நானும் சரி என்றிருப்பேன். சூட்டில் நட்டு விரிந்து பிடி விடும். உள்ளே முடியாது. சீட்டுக்குள் தென்னை நார், மேலே ரெக்ஸின், பக்கத்தில் ஒயர். அசிட்டோன் கலந்த எண்ணெயும் வேண்டாம், பெயின்டையும் ரெக்ஸினையும் தின்றுவிடும். கடைசியில் டீசலோடு கொஞ்சம் இன்ஜின் ஆயில். முதலில் ஒயர் பிரஷ். மேல்துரு போகாமல் ஊற்றும் எண்ணெய் வெளியேதான் வழியும். இரும்பு துருவானால் பருத்துவிடும், மரை இறுகுவது அதனால்தான். மேலே மட்டும் ஊற்றிப் பயனில்லை என்று அடியில் படுத்து நட்டு பக்கமும் விட்டோம். வண்டி முழுக்க டீசல் வாடை. மாமா மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

பிப்ரவரி 5, புதன்

காலையும் மாலையும் எண்ணெய். வேறு வேலை இல்லை.

பிப்ரவரி 8, சனி

பட்டறைப் பையன் 13 எம்.எம். ஸ்பேனரோடு வந்தான். இது இன்ச் போல்ட்டு, அரை இன்ச் என்றால் 12.7. அந்த இடைவெளி போதும், துருவில் மெலிந்த தலையை உருட்டிவிட. இன்ச் செட்டைத் தேடி எடுத்துப் போட்டோம். சுத்தியலால் தலையில் நாலு தட்டு. பிறகு கழற்றவில்லை, முதலில் துளி இறுக்கினோம். 'டக்' என்றது. அதுதான் வேண்டும், துருப்பிடிப்பு உடைந்த சத்தம். கால் சுற்று வெளியே, பாதி உள்ளே, எண்ணெய், மறுபடி வெளியே. மரையிலிருந்து காபிப்பொடி நிறத்தில் சேறு வந்தது. ஒன்று மட்டும் தலை முறிந்தது. அண்ணன் டிரில் போட்டு எடுத்தார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ரெயில் வெளியே வந்துவிட்டது. பழைய கார்க்காரர்கள் இதைக் கரும்பாலைக் கழிவுப்பாகான மொலாசஸில் ஊறப்போடுவார்கள். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர், இரண்டு வாரம். துருவைக் கரைக்கும், நல்ல இரும்பை அதிகம் தொடாது. சர்க்கரை ஆலை இதே ஊரில். ஆனால் மொலாசஸ் மதுவிலக்குத் துறைக் கட்டுப்பாட்டில் இருப்பது. குடத்தோடு போய்க் கேட்க முடியுமா? வெல்லம் கரைக்கலாம் என்றான் பையன். சாராய ஊறலுக்கு வெல்லம் மலையேறிய வட்டாரம், அதிலும் 2024 ஜூனில் கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்த பிறகு, பத்து கிலோ வெல்லம் எதற்கு என்று கடைக்காரரே கேட்பார். அத்தை பழம்புளி கொடுத்தார். கரைத்து ரெயிலை முக்கிவைத்தோம். ஸ்பிரிங்கைப் போடவில்லை, புளிப்பு அதற்கு ஆகாது.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

ரெயிலைக் கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்தோம். குழிகளில் மிச்சம் இருந்த துருவுக்குக் கல்வராயன் மலைக் கடுக்காயை இடித்துக் காய்ச்சிய கஷாயம். பூசிய கொஞ்ச நேரத்தில் செம்பழுப்பு கருநீலமாக மாறியது. அந்தக் காலத்தில் மை செய்ததும் இந்தச் சேர்க்கையில்தான், கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும். கடையில் விற்கும் துருமாற்றிகள் பலவும் இதே வேலையைத்தான் செய்கின்றன, விலைதான் வேறு. சறுக்கும் பரப்பில் கஷாயம் கிடையாது, கிரீஸ் மட்டும்.

இடது கதவின் முக்கோணக் கண்ணாடி இன்னும் அசையவில்லை. கீழ்முளை பிடித்திருக்கிறது. கண்ணாடியைப் பிடித்துத் திருப்பக் கூடாது என்று பையனிடம் சொல்லிவிட்டேன். 2014இல் அம்பாசிடரே நின்றுபோன பிறகு உடைந்ததற்கு மாற்றுத் தேடுவது பெரும்பாடு. முளைக்கு எண்ணெய் விட்டிருக்கிறது. பீடிங் ரப்பர் வாங்கத் திருவண்ணாமலை போக வேண்டும், கிரிவலக் கூட்டம் வடிந்த பிறகு.